மனசாட்சி பற்றி ஆய்வேடு எழுதினார்... மந்திரி பதவியை இழந்தார்!

1980-ம் ஆண்டு. ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் பல்கலைக்கழகத்தில் ஓர் இளம்பெண் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறார். தலைப்பு: 'மனிதரும் மனசாட்சியும்.' பட்டம் கிடைக்கிறது. வருடங்கள் ஓடுகின்றன. அந்தப் பெண் அரசியலில் படிப்படியாக வளர்ந்து, நாட்டின் கல்வி மற்றும் ஆராய்ச்சித் துறை அமைச்சராகவே ஆகிவிடுகிறார்.

2013 பிப்ரவரி 5. அதே பல்கலைக்கழகம் கூடி ஒரு முடிவெடுக்கிறது. 'இந்த ஆய்வேட்டின் பல பகுதிகள் மற்றவர்கள் எழுதியவை. யாருடையது என்று முறையாகக் குறிப்பிடவில்லை. கொடுத்த பட்டத்தைத் திரும்பப் பெறுகிறோம்.' நான்கே நாள்களில் அமைச்சர் பதவியும் போனது.

அவர் பெயர் அனெட்டே ஷாவான். மனசாட்சி பற்றி எழுதிய ஏட்டுக்கே இப்படி நடந்தது என்பதை ஜெர்மன் பத்திரிகைகள் சும்மா விடுமா? எழுதித் தீர்த்துவிட்டார்கள். இளங்கலை, முதுகலை என்று படியேறாமல் நேரடியாக டாக்டர் பட்டம் வாங்கும் முறை அப்போது அங்கே இருந்தது. ஷாவான் அப்படித்தான் வாங்கியிருந்தார். அதனால் அந்தப் பட்டம் போனதும் அவர் கையில் எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் மிஞ்சவில்லை. நாட்டின் கல்வி அமைச்சருக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் மட்டும்! வழக்குப் போட்டார். 2014-ல் நீதிமன்றமும் பல்கலைக்கழகம் செய்தது சரிதான் என்று சொல்லிவிட்டது.

'33 வருஷத்துக்கு முன்னாடி எழுதினதை இப்போ போய்க் கிளறுவாங்களா?' என்று நமக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால், இதே ஷாவான் இரண்டு வருடங்களுக்கு முன் சக அமைச்சர் ஒருவர் இதே மாதிரி மாட்டியபோது, டாக்டர் பட்டம் வாங்கியவள் என்ற முறையில் தனக்கு வெட்கமாக இருக்கிறது என்று பேட்டி கொடுத்தவர். அந்தச் சக அமைச்சரின் கதை இன்னும் சுவாரஸ்யம்.

கார்ல் தியோடர் ட்சு குட்டன்பெர்க். பிரபுக்கள் பரம்பரை. வயது 39. ராணுவ அமைச்சர். அன்றைக்கு ஜெர்மனியில் மக்களுக்கு மிகப் பிடித்த அரசியல்வாதி அவர்தான். அடுத்த பிரதமர் என்றே பலர் பேசிக்கொண்டிருந்தார்கள். பேராயூத் பல்கலைக்கழகத்தில் அரசியல் சட்டம் பற்றி ஆய்வு செய்து மிக உயர்ந்த தரத்தில் பட்டம் வாங்கியிருந்தார். 2011 பிப்ரவரியில் பிரேமன் நகரச் சட்டப் பேராசிரியர் ஒருவர் அந்த ஆய்வேட்டுக்கு விமர்சனம் எழுத உட்கார்ந்தார். வழக்கம்போலச் சில வரிகளை இணையத்தில் தேடிப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரிக்கு வரி வேறு கட்டுரைகளில் இருக்கின்றன!

முன்னுரையின் தொடக்கமே ஒரு செய்தித்தாளில் 1997-ல் வேறொருவர் எழுதியது என்று பிறகு தெரிந்தது. முதல் பத்தியைக்கூட சொந்தமாக எழுதவில்லை.

குட்டன்பெர்க் முதலில் குற்றச்சாட்டைத் தூக்கியெறிந்து பேசினார். அடுத்த நாளே முகம் தெரியாத சிலர் இணையத்தில் ஒரு பக்கம் திறந்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், ஆய்வேட்டின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம், அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து எழுதலாம். ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரி, 393 பக்கங்களில் 371 பக்கங்களில் காப்பி இருப்பதாகப் பட்டியல் போட்டுவிட்டார்கள்.

பிரதமர் ஏங்கலா மெர்கல் அவரைக் காப்பாற்றப் பார்த்தார். நான் அவரை அமைச்சராகத்தான் நியமித்தேன், ஆராய்ச்சி உதவியாளராக அல்ல என்கிற ரீதியில் பேசினார். அந்தப் பேச்சுதான் நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. ராப்பகலாக உழைத்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் கொதித்துப்போனார்கள். 'அப்படியானால் நாங்கள் செய்வதெல்லாம் ஒன்றுமே இல்லையா?' என்று கேட்டு பிரதமருக்கு ஒரு பகிரங்கக் கடிதம். பல்லாயிரம் பேர் கையெழுத்து. பல்கலைக்கழகம் பட்டத்தைப் பறித்தது. மார்ச் 1-ம் தேதி குட்டன்பெர்க் ராஜினாமா செய்தார்.

அவரைக் கவிழ்த்தது எதிர்க்கட்சி மட்டும் இல்லை, எங்கோ மூலையில் உட்கார்ந்து அடிக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த சாதாரண ஆய்வு மாணவர்களின் கோபமும்தான் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. சில வருடங்கள் கழித்து குட்டன்பெர்க் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் வேறொரு தலைப்பில் மறுபடி ஆய்வு செய்து, இன்னொரு டாக்டர் பட்டம் வாங்கினார். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஜெர்மனியில் ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? அங்கே 'டாக்டர்' என்பது வெறும் படிப்பு இல்லை, அந்தஸ்து. பாஸ்போர்ட்டில்கூட பெயரோடு போட்டுக்கொள்ளலாம், வாசல் அழைப்பு மணியிலும் ஒட்டிக்கொள்வார்கள். (நம் ஊரில் வீட்டு கேட்டில் பி.ஏ., பி.எல். என்று பலகை மாட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.) பட்டம் இவ்வளவு மரியாதை தருகிறது என்பதால்தான் குறுக்கு வழியில் வாங்கவும் ஆள் இருக்கிறது, அப்படி வாங்கியவரைப் பிடிக்கவும் ஆள் இருக்கிறது.

இதில் விமர்சனமும் உண்டு. பெயரை மறைத்துக்கொண்டு வேட்டையாடுவது சரியா, அரசியல்வாதிகளை மட்டும் குறிவைப்பது ஏன் என்றெல்லாம் அங்கேயே கேட்கிறார்கள். எல்லா வழக்கிலும் அரசியல் வாழ்க்கை முடிந்துவிடுவதும் இல்லை. ஷாவான் அடுத்த வருடமே வாடிகனுக்கான தூதராகப் போனார். 2021 மே மாதம் இதே காரணத்துக்காக மத்திய அமைச்சர் பதவியை விட்ட ஃபிரான்சிஸ்கா கிஃபாய், ஜூனில் பட்டத்தை இழந்தார். டிசம்பரில் பெர்லின் மேயர்!

பக்கத்து வட்டாரமான ஹங்கேரியில் விஷயம் ஜனாதிபதி மாளிகை வரை போனது. பால் ஷ்மிட் வாள்சண்டையில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். ஒலிம்பிக் பற்றித்தான் 1992-ல் ஆய்வேடு எழுதினார். அதன் பெரும்பகுதி ஒரு பல்கேரிய ஆய்வாளர் எழுதியதோடு பொருந்திப்போகிறது என்று 2012 ஜனவரியில் ஒரு செய்தித்தளம் வெளியிட்டது. மார்ச் கடைசியில் பட்டம் போனது. ஏப்ரல் 2-ம் தேதி ஜனாதிபதி பதவியும் போனது.

அமெரிக்கா வேறு ரகம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்கள் 1893-ல் ஓர் ஏற்பாட்டைக் கேட்டு வாங்கினார்கள். தேர்வு அறையில் கண்காணிப்பாளர் வேண்டாம். கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுப் பேராசிரியர் வெளியே போய்விட வேண்டும். 'நான் விதியை மீறவில்லை' என்று மாணவர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மீறினால் விசாரிப்பதும் மாணவர்கள்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலும் 1921-லிருந்து இப்படியொரு முறை. பறக்கும் படையும் பிட்டும் பார்த்து வளர்ந்த நமக்கு இது கதை மாதிரி இருக்கும். அவர்களுக்கும் கஷ்டமாகத்தான் ஆகிவிட்டது போலிருக்கிறது. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு, தேர்வு அறையில் கண்காணிப்பாளரை வைத்துப் பார்க்கும் ஒரு சோதனை முயற்சிக்கு ஒப்புக்கொண்டது.

அதே 2023-ல் அதே ஸ்டான்ஃபோர்டில் நடந்த இன்னொரு சம்பவம்தான் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. தியோ பேக்கர், அப்போதுதான் சேர்ந்திருந்த முதலாம் ஆண்டு மாணவர். வயது 18-ஐ ஒட்டி. மாணவர் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத் தலைவர் மார்க் டெஸ்ஸியே லவீன் பெயர் உள்ள பழைய மூளை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் படங்கள் திருத்தப்பட்டிருக்கலாம் என்று தொடர்ந்து எழுதினார். தலைவர் எங்கே, நேற்று வந்த பையன் எங்கே! ஆனால், பல்கலைக்கழகம் வெளியிலிருந்து நிபுணர் குழுவை வரவழைத்தது. தலைவர் தானாக மோசடி செய்யவில்லை, ஆனால் அவருடைய ஆய்வகத்தில் சிலர் தரவுகளைத் திருத்தியிருந்தார்கள், தவறுகள் தெரியவந்த பிறகும் அவற்றைச் சரிசெய்ய அவர் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று அந்தக் குழு சொன்னது. ஜூலையில் அவர் பதவி விலகுவதாக அறிவித்தார். அந்த மாணவர் அமெரிக்காவின் மதிப்புமிக்க ஜார்ஜ் போல்க் பத்திரிகை விருதை மிக இளம் வயதில் வாங்கினார். அவரைக் கல்லூரியை விட்டு யாரும் அனுப்பவில்லை.

இந்தக் கடைசி வரியை ஏன் சொல்கிறேன் என்றால், நம் நாட்டுக் கதை ஒன்று இருக்கிறது.

2002. உத்தராகண்டின் குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஓர் இயற்பியல் அறிஞர். அவர் பெயரில் வந்த கட்டுரை ஒன்று, ஸ்டான்ஃபோர்டு பேராசிரியை ரெனாட்டா கல்லோஷ் பல வருடங்களுக்கு முன் எழுதியதன் நகல் என்று புகார் கிளம்பியது. முதலில் நடவடிக்கை யார் மீது பாய்ந்தது தெரியுமா? புகாரை வெளியே கொண்டுவந்த இயற்பியல் துறைத்தலைவர் மீது. விஷயம் நாடு தாண்டிப் போய், நோபல் பரிசு பெற்றவர்கள் உட்பட ஸ்டான்ஃபோர்டு விஞ்ஞானிகள் அன்றைய ஜனாதிபதி அப்துல் கலாமுக்கே கடிதம் எழுதினார்கள். விசாரணைக் குழு அமைந்தது. காப்பி உண்மைதான் என்றது. 2003-ல் துணைவேந்தர் ராஜினாமா செய்தார்.

காப்பி அடிப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். வெளியே தெரிந்த பிறகு யார் தலை உருளுகிறது, சொன்னவர் தலையா, செய்தவர் தலையா என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம் தெரிகிறது.

இப்போது நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் விதிகளை வெளியிட்டது. ஆய்வேட்டில் 10 சதவிகிதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடம் சமர்ப்பிக்கத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முன்னேற்றம்தான். ஆனால், சதவிகிதக் கணக்கில் ஒரு சங்கடம் உண்டு. 10 சதவிகிதம் என்பதைக் கைக்குக் கிடைத்த சலுகை மாதிரி நினைத்து, வார்த்தைகளை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு எண்ணைக் குறைத்துத் தருவதற்கென்றே ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். மென்பொருள் வார்த்தைகளைத்தான் பார்க்கும். யோசனை யாருடையது என்று அதற்குத் தெரியாது.

சரி, அமைச்சர், ஜனாதிபதி கதையெல்லாம் நம் வீட்டுக்கு எதற்கு?

வருடா வருடம் இங்கிருந்து பிள்ளைகள் லண்டனுக்கும் மெல்போர்னுக்கும் பெர்லினுக்கும் படிக்கப் போகிறார்கள். பெட்டியில் ஊறுகாயும் பருப்புப்பொடியும் போகின்றன. கூடவே நம் பள்ளிப் பழக்கங்களும் போகின்றன. கேள்வித்தாளில் 'உன் சொந்த நடையில் எழுதுக' என்று இருக்கும். புத்தகத்தில் உள்ளதை அட்சரம் பிசகாமல் எழுதியவனுக்குத்தான் முழு மார்க் கிடைக்கும். கல்லூரியில் ரெக்கார்டு நோட்டு சீனியரிடமிருந்து வரும். நானும் அப்படித்தான் எழுதினேன், படம் உட்பட. கடைசி வருட புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கப் பெரிய ஊர்களில் புராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன. யாரும் இதைக் குற்றமாகப் பார்த்ததில்லை.

அங்கே போய் முதல் அசைன்மென்ட்டில் இதே பழக்கத்தைக் காட்டினால் மின்னஞ்சலில் ஒரு கடிதம் வரும். நான்கு வரியை எடுத்து, எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாவிட்டால் அது திருட்டு. இரண்டு வார்த்தையை மாற்றிப் போட்டாலும் அதேதான். ஒரே அறையில் தங்கியிருக்கும் இரண்டு நண்பர்கள், தனித்தனியாகச் செய்ய வேண்டியதைச் சேர்ந்து உட்கார்ந்து செய்துவிட்டால் இரண்டு பேருமே மாட்டுவார்கள். 'பார்த்துட்டுத் தர்றேன் மச்சி' என்று கேட்டவனுக்குக் கொடுத்தவனும் சேர்த்துத்தான். இன்னொன்று பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். போன செமஸ்டரில் நாமே எழுதிக் கொடுத்ததை இந்த செமஸ்டரில் மறுபடி கொடுத்தாலும் தவறு.

இவையெல்லாம் பெரும்பாலும் தெரியாமல் நடப்பவை. முதல் தடவை என்றால் எச்சரிக்கையோடோ மார்க் குறைப்போடோ போகலாம். மன்னிப்பே இல்லாத இடம் வேறு. அது காசு கொடுத்து எழுதி வாங்குவது.

ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் 'அசைன்மென்ட் உதவி' என்று விளம்பரம் வரும். பின்னால் இருந்து எழுதுவது யார் என்று தேடிப் போனவர்களுக்கு நைரோபியில் விடை கிடைத்தது. கென்யாவில் நன்றாகப் படித்து வேலை கிடைக்காத பட்டதாரிகள், பணக்கார நாட்டு மாணவர்களுக்காக ராத்திரி முழுக்கக் கட்டுரை எழுதுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியை பட்ரீசியா கிங்கோரி இவர்களைத் தேடிச் சென்றதை வைத்து 2024-ல் ஓர் ஆவணப்படமே வந்தது. படிப்பது ஒருவர், பட்டம் வாங்குவது இன்னொருவர். அந்த எழுத்தாளர்களைக் குற்றவாளி என்று சட்டென்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆஸ்திரேலியா 2020-லும் இங்கிலாந்து 2022-லும் இப்படி எழுதி விற்பதையும் விளம்பரம் செய்வதையும் குற்றமாக்கிச் சட்டம் போட்டன. ஆஸ்திரேலியாவில் இரண்டு வருடம் வரை சிறைகூட உண்டு. தண்டனை விற்பவருக்கு, வாங்கிய மாணவரைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும். அதோடு முடியாது. ஒரு தடவை வாங்கிவிட்டால் அந்த நிறுவனத்திடம் மாணவரின் பெயர், கல்லூரி, போன் நம்பர் எல்லாம் இருக்கும். 'இன்னும் பணம் அனுப்பு, இல்லையென்றால் உன் பேராசிரியருக்குச் சொல்லிவிடுவோம்' என்று மிரட்டுவது நடக்கிறது என ஆஸ்திரேலியாவின் உயர்கல்விக் கண்காணிப்பு அமைப்பே மாணவர்களை எச்சரிக்கிறது. கல்லூரியிலிருந்து நீக்கினால் மாணவர் விசாவும் ஆட்டம் காணும். இங்கே வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கும் அப்பாவுக்கு அது என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

தப்பே செய்யாமல் மாட்டுகிறவர்களும் உண்டு. சாட்ஜிபிடி வந்தபின் 'இதை எழுதியது மனிதரா, மெஷினா' என்று சொல்லும் மென்பொருள்களைப் பல்கலைக்கழகங்கள் வாங்கின. இவற்றில் பல, அடுத்து என்ன வார்த்தை வரும் என்று சுலபமாக ஊகிக்க முடிகிறதா என்று பார்க்கும். முடிந்தால், 'மெஷின் எழுதியது' என்று சந்தேகப்படும். இரண்டாம் மொழியாக ஆங்கிலம் படித்த பிள்ளைகள் எப்படி எழுதுவார்கள்? தெரிந்த வார்த்தைகளை வைத்து, எளிமையாக, இலக்கணம் தவறாமல். அதுவே வினையாகிறது. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகச் சொந்தமாக எழுதிய 91 கட்டுரைகளை 7 மென்பொருள்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல், 61 சதவிகிதம், மெஷின் எழுதியதாகத் தவறான பதில் வந்தது. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளை மட்டும் கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னது!

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியை, துல்லியம் போதவில்லை என்று அந்த வருடம் ஜூலையில் நிறுத்திவிட்டது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் ஒரு எளிய கணக்குப் போட்டது. வருடத்துக்கு 75,000 தாள்களை மென்பொருளில் சோதிக்கிறோம். தவறு 1 சதவிகிதம்தான் என்று வைத்துக்கொண்டாலும் 750 தாள்கள் மீது வீண் பழி விழும். டர்னிட்டின் மென்பொருளில் இருந்த அந்த வசதியை ஆகஸ்ட்டில் அணைத்துவிட்டார்கள். எல்லாப் பல்கலைக்கழகங்களும் அப்படி அணைக்கவில்லை.

அதனால் வெளிநாடு போகும் பிள்ளைகள் செய்ய வேண்டியது, எழுதியதற்கான தடத்தை வைத்துக்கொள்வது. கூகுள் டாக்ஸ், வேர்டு போன்றவற்றில் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் வசதி இருக்கிறது. அதை முதல் நாளிலிருந்தே இயக்கிவிட்டு அதிலேயே எழுதுங்கள். திங்கட்கிழமை 200 வார்த்தை, புதன்கிழமை அதில் பாதியை அடித்தது, சனிக்கிழமை ராத்திரி மறுபடி எழுதியது எல்லாம் தேதியோடு பதிவாகியிருக்கும். படித்த புத்தகத்தில் எடுத்த குறிப்பு, நோட்டில் கிறுக்கியது எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஏஐ கருவியை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பது ஒரே கல்லூரியில் பாடத்துக்குப் பாடம் மாறும். அந்தந்தப் பேராசிரியரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கடிதம் வந்துவிட்டால், பயந்து போய் பதில் போடாமல் இருப்பதுதான் பெரிய தவறு. செய்யாததைச் செய்தேன் என்று ஒப்புக்கொள்வது அதைவிடப் பெரியது. விசாரணைக்கு முன் ஆதாரங்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பல கல்லூரிகளில் மாணவர் சங்கத்தின் ஆலோசகர் இலவசமாக உதவுவார், விசாரணைக்குக் கூடவே வருவார். முடிவு பாதகமாக வந்தால் மேல்முறையீடு உண்டு. அதற்கான நாள் கெடு குறைவாகத்தான் இருக்கும், கடிதத்திலேயே தேடிப் பாருங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் பல்கலைக்கழகங்கள் என்றால் உள் விசாரணையெல்லாம் முடிந்த பிறகும் முறையிட ஒரு தனி நடுவர் அலுவலகம் இருக்கிறது. அதற்கு மாணவர் கட்டணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.